நாள்பட்ட மூல நோய்: வெட்டாமல் செய்யும் சிகிச்சைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூல நோயுடன் வருபவர்கள் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கி, புறப்படும் நேரத்தில் கதவருகே நின்றபடிதான் உண்மையான கேள்வியைக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். வெட்டி எடுக்காமலோ, மிகக் குறைவாக வெட்டியோ செய்யப்படும் சிகிச்சைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்பது மூலத்தின் நிலையையும், உங்களை வருத்துவது இரத்தப்போக்கா அல்லது பிதுக்கமா என்பதையும் பொறுத்தது. எனவே அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மூலம் என்பது புதிதாக வளரும் கட்டியா?

இல்லை. மலக்குடல் முடிந்து ஆசனவாய் தொடங்கும் இடத்தின் உட்சுவரில், சிறு இரத்தக்குழாய்களும் மெல்லிய தசைநார்களும் பின்னிய மென்மையான மெத்தைகள் மூன்று, நாம் பிறக்கும்போதே இருக்கின்றன. மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தியவரின் ஆசனவாயை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், அவை வழக்கமாக 3, 7, 11 மணி காட்டும் இடங்களில் அமைந்திருக்கும். ஓய்வு நிலையில் ஆசனவாய்க்குள் நிலவும் அழுத்தத்தில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த மெத்தைகளால் கிடைப்பது. காற்றும் நீரும் நம்மை அறியாமல் கசிந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கணக்காக முக்கி மலம் கழிப்பது, கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, கர்ப்பம், வயது ஆகிய காரணங்களால் மெத்தைகளைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன. அப்போது மெத்தை கீழே சரிந்து, அதனுள் இரத்தம் தேங்கி வீங்குகிறது. அந்த வீக்கத்தையும் அதனால் வரும் தொல்லைகளையும்தான் மூல நோய் என்கிறோம்.

இன்னொரு விவரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆசனவாயின் உள்ளே, விளிம்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் மேலே, பல்வரிசையைப் போல வளைந்து செல்லும் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள சவ்வில் வெட்டினாலும் குத்தினாலும் தோலில் உணர்வதைப் போன்ற வலி தெரியாது. கீழே இருப்பதோ விரல் நுனிக்கு நிகரான கூருணர்ச்சி உள்ள தோல். மேலே தோன்றுவது உள்மூலம், கீழே தோன்றுவது வெளிமூலம். மயக்க மருந்தே இல்லாமல் வெளிநோயாளிப் பிரிவில் செய்யப்படும் சிகிச்சைகள் அனைத்தும் இந்தக் கோட்டின் தயவில் நடப்பவை. வெளிமூலத்துக்கு அவை பயன்படாமல் போவதற்கும் இதுவே காரணம்.

முதல் நிலை, மூன்றாம் நிலை என்றெல்லாம் சீட்டில் எழுதுகிறார்களே, அதன் பொருள் என்ன?

இந்த வகைப்பாடு உள்மூலத்துக்கு உரியது. இரத்தம் கசியும், ஆனால் எதுவும் வெளியே வராது என்றால் முதல் நிலை. முக்கும்போது வெளியே பிதுங்கி, எழுந்தவுடன் தானே உள்ளே போய்விட்டால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளினாலும் நிற்காமல் எப்போதும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் நான்காம் நிலை. மருத்துவரிடம் போகும்போது "எரிச்சலாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "வெளியே வருகிறதா, தானாகப் போகிறதா, தள்ள வேண்டியிருக்கிறதா" என்ற மூன்றுக்கும் விடை சொல்ல முடிந்தால் பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்பவர் இதைத் தினமும் கேட்பவர்.

இரத்தம் வருகிறது. அது மூலம்தான் என்று நானே முடிவு செய்துகொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலத்தில் வரும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலத்தோடு கலக்காமல், முடிவில் சொட்டாகவோ பீய்ச்சியோ வருவது வழக்கம். பெரும்பாலும் வலி இருக்காது. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கீறுவது போன்ற வலியும் காகிதத்தில் ஒரு கோடு போல இரத்தமும் இருந்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். இரத்தம் கருத்தோ, மலத்தோடு கலந்தோ, சளியோடு சேர்ந்தோ வந்தால் குடலின் மேற்பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். மலக்குடல் புற்றுநோயின் இரத்தமும் சில சமயம் மூலத்தின் இரத்தத்தைப் போலவே பளிச்சென்று வரும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

நடுவயது கடந்தவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர்கள், இரத்த சோகை உள்ளவர்கள், அண்மைக் காலமாக மலம் கழிக்கும் பழக்கம் மாறிப்போனவர்கள், காரணமின்றி எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்த பிறகே மூலச் சிகிச்சையைத் தொடங்குவது முறை. நான்கு ஆண்டுகள் களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வந்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் வெள்ளைத் தாளைப் போல இருந்தது. ஹீமோகுளோபின் 6 கிராம். அவருக்கு இருந்தது மூலம்தான். குடலில் வேறு எதுவும் இல்லை. ஆனால் தினமும் சில சொட்டு என்று அவர் பொருட்படுத்தாமல் விட்டது உடலின் இரும்புச் சத்தை முழுவதுமாகக் கரைத்துவிட்டிருந்தது. மூலமே என்று உறுதியான பிறகும் இரத்தப்போக்கை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உணவையும் பழக்கத்தையும் மாற்றினாலே போதுமா? சிகிச்சை அவசியம்தானா?

முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் கணிசமானவர்களுக்கு அதுவே போதும். நார்ச்சத்தைக் கூட்டுவதால் இரத்தப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, அதற்கேற்ற தண்ணீர் என்பது இலக்கு. உணவில் கிடைக்காத மீதியை இசப்கோல் போன்ற தூள்களால் ஈடு செய்யலாம். ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பி, இரண்டாம் நாளே விட்டுவிடத் தோன்றும். எனவே ஓரிரு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். பலன் தெரிய ஆறு வாரங்கள் வரை ஆகலாம்.

கழிப்பறைப் பழக்கத்துக்கு உணவைப் போலவே முக்கியத்துவம் உண்டு. மலம் கழிக்கும் தொட்டியில் உட்காரும்போது அடியில் தாங்கல் இல்லாமல் மெத்தைகள் தொங்குகின்றன. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அங்கே இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பது அவற்றை இருபது நிமிடம் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஐந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் எழுந்துவிட்டு, உந்துதல் வரும்போது மறுபடி செல்லலாம். உயரமான தொட்டியைப் பயன்படுத்துபவர்கள் காலடியில் சிறு முக்காலி வைத்துக்கொண்டால் முழங்கால் இடுப்புக்கு மேலே உயர்ந்து, முக்காமல் கழிப்பது எளிதாகும்.

களிம்பும் மாத்திரையும் மூலத்தைச் சுருக்குமா?

அரிப்பும் எரிச்சலும் அடங்கக் களிம்பு உதவும். சரிந்த மெத்தையை அது மேலே தூக்கிவிடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஓரிரு வாரங்களுக்கு மேல் தடவினால் தோல் மெலிந்து புண்ணாகும். மாதக்கணக்கில் தடவுபவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். டயோஸ்மின் வகையைச் சேர்ந்த ஃபிளேவனாய்டு மாத்திரைகள் இரத்தப்போக்கையும் கசிவையும் குறைப்பதற்குச் சான்று உண்டு. தீவிரமான நாட்களைக் கடக்கவோ, ஒரு சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் துணையாகவோ அவற்றைக் கொடுக்கிறோம்.

ரப்பர் வளையம் போடுவது என்கிறார்களே, அது எப்படிச் செய்யப்படுகிறது?

வெட்டாத சிகிச்சைகளில் மிக அதிகமாகச் செய்யப்படுவதும், நீண்ட காலம் சோதிக்கப்பட்டதும் இதுவே. 1963இல் பேரன் என்ற அமெரிக்க மருத்துவர் ரப்பர் வளையத்தைக் கொண்டு இதை எளிமையாக்கிய பிறகு உலகெங்கும் பரவியது. முதல், இரண்டாம் நிலைகளுக்கும், மூன்றாம் நிலையில் அவ்வளவு பெரிதாக இல்லாத மூலத்துக்கும் இது பொருந்தும்.

நீங்கள் இடப்பக்கமாகச் சரிந்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் படுத்திருப்பீர்கள். வழவழப்பான களிம்பு தடவிய, விரல் தடிமனில் உள்ள பிராக்டோஸ்கோப் என்ற குழாய் உள்ளே செல்லும். அதன் வழியே விளக்கொளியில் பார்த்தால், திராட்சைப் பழம் போலக் கருஞ்சிவப்பாகப் புடைத்த மூலம் குழாயின் விளிம்புக்குள் எட்டிப் பார்க்கும். வளையம் மாட்டிய சிறு கருவியின் வாயை அதன் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, நான் முன்பு சொன்ன கோட்டிலிருந்து குறைந்தது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, காற்றை உறிஞ்சித் திசுவை உள்ளே இழுக்க வேண்டும். விசையை அழுத்தியதும் நெகிழ்ந்து விரிந்திருந்த வளையம் நழுவி, இழுக்கப்பட்ட திசுவின் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். சிறு "டக்" என்ற ஒலி கேட்கும். ஒரு மூலத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தக் கணத்தில் நான் கேட்கும் ஒரே கேள்வி: "சுருக்கென்று வலிக்கிறதா?" அழுத்தமாக இருக்கிறது, மலம் வருவது போல இருக்கிறது என்றால் வளையம் சரியான இடத்தில் இருக்கிறது. கூர்மையான வலி என்றால் வளையம் கீழே இறங்கிவிட்டது என்று பொருள்; அதை அங்கேயே வெட்டி எடுத்துவிட்டு மேலே மாற்றிப் போட வேண்டும். எனவே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வரும் விடைதான் மருத்துவருக்கு அங்கே வழிகாட்டி.

வளையம் போட்ட பிறகு என்ன நடக்கும்? எத்தனை முறை போட வேண்டும்?

இரத்த ஓட்டம் நின்ற திசு ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் காய்ந்து, வளையத்தோடு சேர்ந்து மலத்தில் விழுந்துவிடும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. விழுந்த இடத்தில் உண்டாகும் சிறு புண் ஆறும்போது, அந்தத் தழும்பு சுற்றியுள்ள சவ்வைச் சுவரோடு பிடித்து நிறுத்துகிறது. மெத்தையைச் சிறிதாக்குவதோடு, மிச்சமிருப்பதை அதன் பழைய இடத்தில் ஒட்டவைப்பதும் இந்தத் தழும்பின் வேலை.

முதல் இரண்டு நாட்கள் உள்ளே ஏதோ அடைத்திருப்பது போலவும், அடிக்கடி மலம் வருவது போலவும் இருக்கும். அதற்காக முக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்வதும் பாரசிட்டமாலும் பெரும்பாலோருக்குப் போதும். திசு விழும் நாட்களில் சிறிதளவு இரத்தம் வருவது இயல்பு. நூற்றில் ஒருவர் இருவருக்கு மட்டும் கவலைப்பட வேண்டிய அளவு வரும். எனவே அந்த இரண்டு வாரங்களில் மருத்துவ வசதி கிடைக்காத இடத்துக்குப் பயணம் போகாமல் இருப்பது நல்லது.

ஒரே அமர்வில் மூன்று மூலங்களுக்கும் வளையம் போடுபவர்கள் உண்டு. நான் முதல் முறை ஒன்றிலோ இரண்டிலோ நிறுத்திக்கொள்வதையே விரும்புகிறேன். வலி குறைவாக இருக்கும், அடுத்த முறை வருவதற்கு நோயாளிக்குத் தயக்கமும் இருக்காது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மீண்டும் போடலாம்.

வளையம் போட்ட பின் எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகிய மூன்றும் இடுப்புப் பகுதியில் கடுமையான கிருமித் தொற்று பரவுவதைக் காட்டலாம். இது மிக அரிது. ஆனால் உயிருக்கு ஆபத்தானது. மூன்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் அப்படித்தான்.

ஊசி போட்டு மூலத்தைச் சுருக்க முடியுமா?

முடியும். மூலச் சிகிச்சைகளில் பழமையான ஒன்று இது. 1869இலேயே டப்ளின் நகரில் மோர்கன் என்பவர் இரும்பு உப்புக் கரைசலைச் செலுத்திப் பார்த்திருக்கிறார். பாதாம் எண்ணெயில் கலந்த 5 சதவீத ஃபீனால் நெடுங்காலம் பயன்பட்டது. இன்று பாலிடோகனால் மருந்தை நீர்மமாகவோ, காற்றோடு கலந்து நுரையாகவோ செலுத்துவது கூடிவருகிறது. மூலத்தின் அடிப்பகுதியில், சவ்வுக்கு அடியில் மருந்து இறங்கியதும் அங்கே அழற்சி உண்டாகி, நார்த்திசு வளர்ந்து, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன.

இரத்தம் மட்டுமே தொல்லையாக உள்ள முதல், இரண்டாம் நிலைகளில் இது நல்ல தேர்வு. திசு அழுகி விழுவதில்லை என்பதால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வளையத்தைவிடப் பாதுகாப்பானது. பிதுக்கத்துக்கு இதன் பலன் குறைவு, நாளடைவில் மறுபடி போட வேண்டியும் வரும். ஆண்களுக்கு முன்புற மூலத்தில் ஊசி ஆழமாக இறங்கினால் ஆண்மைச் சுரப்பி (புராஸ்டேட்) பாதிக்கப்படலாம். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், விறைப்புக் குறைபாடு ஆகியவை வரலாம். எனவே என்ன மருந்து என்று பெயர் சொல்லாமல் யாரேனும் ஊசி போட முன்வந்தால் அதை ஏற்க வேண்டாம். தவறான மருந்தால் ஆசனவாயே தழும்பாகிக் குறுகிப்போனவர்களைச் சரிசெய்வது மூலத்தைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

அகச்சிவப்புக் கதிர்ச் சிகிச்சை?

கருவியின் நுனியை மூலத்தின் அடியில் வைத்து ஒன்றரை முதல் இரண்டு வினாடி வெப்பம் பாய்ச்சுவார்கள். ஒரு மூலத்துக்கு மூன்று நான்கு புள்ளிகள். வலி வளையத்தைவிடக் குறைவு. சிறிய, இரத்தம் கசியும் மூலத்துக்கு ஏற்றது. பெரியதற்கு அல்ல.

டாப்ளர் கருவியைக் கொண்டு தமனியைக் கட்டுவது என்றால் என்ன?

1995இல் ஜப்பானில் மொரினாகா குழுவினர் அறிமுகப்படுத்திய முறை இது. ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைக் கண்டறியும் நுண்கருவி பொருத்திய குழாயை உள்ளே சுழற்றும்போது, மூலத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி எங்கே ஓடுகிறதோ அங்கே துடிப்பின் ஓசை கேட்கும். அந்த இடத்தில் தையலிட்டுத் தமனியைக் கட்டிவிடுவார்கள். பிதுக்கமும் இருந்தால் அதே நூலால் சரிந்த சவ்வை மடித்து மேலே தூக்கித் தைப்பார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. ஆனால் மயக்க மருந்து தேவை.

வளையத்தைவிட இது மேலானதா என்பதற்கு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது. ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியவர்கள் வளையம் போட்டவர்களில் 49 சதவீதம், தமனி கட்டப்பட்டவர்களில் 30 சதவீதம். இவ்வளவோடு படித்தால் தமனி கட்டுவதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் வளையத்தைத் தேவைக்கேற்ப மறுமுறை போடுவதையும் ஒரே சிகிச்சையின் பகுதியாகக் கணக்கிட்டபோது இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. முதல் சில வாரங்களின் வலியும் செலவும் தமனி கட்டியவர்களுக்கே அதிகம். ஆகவே இரண்டு மூன்று முறை வந்து வளையம் போட்டுக்கொள்ள மனமிருப்பவருக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். வளையம் தோற்ற இடத்திலும், ஒரே முறையில் முடிந்துவிட வேண்டும் என்று விரும்புபவர்களுக்கும் தமனி கட்டும் முறை வைத்துக்கொள்ளத் தக்கது.

லேசர் சிகிச்சை செய்தால் மறுபடி வரவே வராது என்று விளம்பரங்களில் பார்க்கிறேன். உண்மையா?

"வரவே வராது" என்று எந்தச் சிகிச்சையைப் பற்றியும் சொல்ல முடியாது. லேசரைப் பற்றியும் முடியாது. ஆசனவாயின் விளிம்பில் ஊசித்துளை அளவில் ஒரு திறப்பு செய்து, மெல்லிய ஒளியிழையை மூலத்துக்குள் சவ்வுக்கு அடியில் செலுத்தி, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சுகிறார்கள். திசுவில் உள்ள நீரும் இரத்தமும் அதை உறிஞ்சிச் சூடாவதால் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. அடுத்த சில வாரங்களில் மூலம் சுருங்கிச் சுவரோடு ஒட்டுகிறது. வெட்டி எடுக்கும் அறுவையோடு ஒப்பிட்டால் வலி தெளிவாகவே குறைவு, வேலைக்கும் விரைவில் திரும்பலாம். இவை மெய்யான நன்மைகள்.

விளம்பரம் சொல்லாத பகுதியையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இதற்கும் மயக்க மருந்தோ, தண்டுவட ஊசியோ தேவைப்படுவது வழக்கம். முதல் வாரங்களில் வீக்கமும் இரத்த உறைவும் வரலாம். சவ்வு அதிகமாகத் தொங்கும் பெரிய மூலத்துக்கு இது போதாது. பல ஆய்வுகள் நோயாளிகளைக் குறுகிய காலமே பின்தொடர்ந்தவை. நீண்ட காலம் பார்த்தவற்றில் மறுபடி வருவது வெட்டி எடுப்பதைவிட அதிகம். இரண்டாம் நிலையிலும் சிறிய மூன்றாம் நிலையிலும் நல்ல பலன் தரும் கருவி இது. வளையமே போதுமான முதல் நிலை மூலத்துக்கு, லேசர் என்ற பெயருக்காகவே மயக்க மருந்தை ஏற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஸ்டேப்ளர் அறுவையும் வெட்டாத சிகிச்சைதானா?

முழுவதும் அல்ல. இத்தாலியைச் சேர்ந்த லோங்கோ 1998இல் விவரித்த இந்த முறையில், மூலத்துக்கு மேலே உள்ள சவ்வை வட்ட வளையமாக வெட்டி நீக்கி, அதே நொடியில் உலோகப் பின்களால் தைத்து, சரிந்த மெத்தையை மேலே இழுத்து நிறுத்துகிறார்கள். தோலில் புண் இல்லாததால் தொடக்க வலி குறைவு. ஆனால் 777 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2016இல் வெளியான மற்றொரு ஆய்வில், இரண்டாண்டு முடிவில் வாழ்க்கைத் தரமும் நோய் திரும்பாமையும் வழக்கமான அறுவை செய்துகொண்டவர்களுக்கே மேலாக இருந்தன. மலத்தை அடக்க முடியாத அவசர உணர்வு, நீங்காத வலி, அரிதாக மலக்குடலில் ஓட்டை ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. ஒரு காலத்தில் இருந்த ஆர்வம் இன்று வெகுவாகத் தணிந்துவிட்டது. அது சரியே என்று நினைக்கிறேன்.

ஆசனவாயைத் தொடாமலே செய்யும் சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மலக்குடலின் மேல் தமனிக் கிளைகளைச் சிறு உலோகச் சுருள்களால் அடைக்கும் முறை அது. பிரெஞ்சு மருத்துவர்கள் 2014இல் இதன் முதல் அனுபவங்களை வெளியிட்டார்கள். மலக்குடலுக்கு நடுத் தமனிகளிலும் கீழ்த் தமனிகளிலும் இருந்தும் இரத்தம் கிடைப்பதால் திசு பட்டுப்போவது அரிது. மயக்க மருந்தைத் தாங்க முடியாத இதய நோயாளிக்கு இரத்தம் நிற்காமல் வரும்போது இது கைகொடுக்கிறது. பிதுக்கத்துக்கு அவ்வளவாகப் பயன் தராது. பயிற்சி பெற்ற கதிரியக்க வல்லுநர் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்யத் தக்கது.

அப்படியானால் வெட்டி எடுக்கும் அறுவை யாருக்குத் தேவை?

நான்காம் நிலை, உள்மூலமும் வெளிமூலமும் சேர்ந்து பெருத்தவை, மற்ற முறைகள் தோற்றுப்போனவை ஆகியவற்றுக்கு. 1937இல் லண்டனில் மில்லிகனும் மோர்கனும் விவரித்த திறந்த முறையும், 1959இல் ஃபெர்குசன் விவரித்த, புண்ணைத் தைத்து மூடும் முறையும் இன்றும் அடிப்படையாக உள்ளன. மூலம் திரும்புவது இதில்தான் மிகக் குறைவு. அதற்கு ஈடாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை வலி இருக்கும். குறைவாக வெட்டினால் வலி குறைவு, திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறைய வெட்டினால் வலி அதிகம், திரும்பும் வாய்ப்பு குறைவு. இந்தப் பேரத்தில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் வேலை, வயது, பொறுமை ஆகியவற்றை வைத்து நீங்களும் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஈரல் நோயாளிகள் என்ன செய்ய வேண்டும்?

கர்ப்ப காலத்து மூலம் பேறுகாலத்துக்குப் பின் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். எனவே நார்ச்சத்து, மலமிளக்கி, வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றோடு காத்திருப்பதே வழி. வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரையும் கேட்காமல் நிறுத்தக் கூடாது, ஏனெனில் மூலத்தின் இரத்தப்போக்கைவிட மூளையிலோ இதயத்திலோ உறையும் இரத்தம் கொடியது. ஈரல் சுருக்க நோயில் ஆசனவாய்க்குள் புடைக்கும் சிரைகள் மூலத்தைப் போலவே தோன்றும். அவற்றில் வளையம் போட்டால் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு வரலாம். குரோன் எனப்படும் குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் புண் ஆறாமல் போகக்கூடும் என்பதால் இயன்றவரை எந்தத் தலையீடும் வேண்டாம்.

திடீரென்று நீல நிறத்தில் கட்டி வந்து, உட்கார முடியாமல் வலிக்கிறது. இதற்கும் வளையமா?

அது வெளிமூலத்துக்குள் இரத்தம் உறைந்ததால் வருவது. தோலுக்கு அடியில் இருப்பதால்தான் இவ்வளவு வலி. அங்கே வளையம் போடவே கூடாது. முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியை அகற்றிவிடலாம், வலி உடனே குறையும். அதற்குப் பிறகு வலி தானாகத் தணியத் தொடங்குவதால் மருந்தும் வெந்நீரும் போதும். கட்டி கரைய சில வாரங்கள் ஆகும்.

இந்தச் சிகிச்சைகளால் மலத்தை அடக்கும் திறன் போய்விடுமா?

வளையம், ஊசி, அகச்சிவப்பு ஆகியவை சுருக்குத் தசையைத் தொடுவதே இல்லை. எனவே அந்த அச்சம் தேவையில்லை. தசைக்கு அருகே கத்தி செல்லும் அறுவைகளில் இந்த வாய்ப்பு சிறிதளவு உண்டு. கடினமான பிரசவத்தில் தசை கிழிந்த பெண்களும், முன்பே ஆசனவாயில் அறுவை செய்துகொண்டவர்களும் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சொன்னால் மருத்துவர் வேறு முறையைத் தேர்ந்தெடுப்பார்.

குணமான பிறகு மறுபடி வந்தால்?

முதலில் வந்திருப்பது மூலம்தானா என்று பார்க்க வேண்டும். வீக்கம் வடிந்த இடத்தில் தங்கிவிடும் சுருங்கிய தோல் மடிப்பைக் கையால் தொட்டுவிட்டு, மூலம் திரும்பிவிட்டது என்று பயந்து வருபவர்கள் நிறைய. அது தொல்லை தராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். உண்மையிலேயே மூலம் என்றால், வளையத்தையும் ஊசியையும் மறுபடி செய்வதற்குத் தடை ஏதுமில்லை. இரண்டு மூன்று முறை செய்தும் ஓராண்டுக்குள் திரும்பிக்கொண்டே இருந்தால் அடுத்த படிக்குச் செல்வதைப் பற்றிப் பேச வேண்டும். இரத்தம் திரும்பியிருந்தால், முந்தைய கொலோனோஸ்கோபி எப்போது செய்யப்பட்டது என்ற தேதியைக் கையோடு கொண்டு வாருங்கள்.